பூனைக்குக் கரண்டுத் தண்ணீர்: ஒரு மோட்டார்க்காரனின் மதிப்புரை

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மேலே பூ வடிவத்தில் ஒரு மூடி. உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பம்பு, அதைச் சுற்றிப் பஞ்சு, ஒரு கரி வடிகட்டி, அடியில் நீல விளக்கு. விலை 1,599 ரூபாய். பூனை தண்ணீர் குடிப்பதற்கான ஃபவுண்டன் இது. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொல்லியும் பயனில்லை. ஒரே அச்சில் வார்த்த சாமானைப் பத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள். என் கண்ணில் பட்ட பெயர் உங்கள் கண்ணில் படாமலே போகலாம், சாமான் மட்டும் அதேதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டுகிறவன். போர்வெல் மோட்டார், மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் கடைக்கு வரும். இந்த ஃபவுண்டனுக்கு இணையத்தில் இருக்கிற மதிப்புரைகளைப் படித்தேன். பாதிப் பேர் "என் செல்லத்துக்கு ரொம்பப் பிடித்தது" என்கிறார்கள், மீதிப் பேர் பார்சல் உடைந்து வந்தது என்கிறார்கள். பம்பைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பூனையின் வாயை உற்றுப் பார்த்தவரும் இல்லை. நான் இரண்டையும் பார்த்தேன்.

பூனையின் பெயர் பண்ணையார். சாம்பலில் கறுப்பு வரி போட்ட கடுவன், நாலு கிலோ. குளச்சல் சாளை மீனிலேயே, அதாவது மத்தியிலேயே, வளர்ந்த உடம்பு. கல்லூரியில் இயற்பியல் படிக்கிற என் மகள், வீடெல்லாம் மீன் நாறுகிறது என்று அவனைப் பாக்கெட்டில் வருகிற உலர் தீவனத்துக்கு மாற்றினாள். கொஞ்ச காலம் கழித்து அவன் மண்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கினான், ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. நாகர்கோவிலில் ஒரு கால்நடை மருத்துவர் குழாய் போட்டு அடைப்பை எடுத்துவிட்டு, "இவனுக்கு உள்ளே தண்ணி நிறையப் போகணும்" என்றார். கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனியில் ரொம்பவும் குறுகல். மூத்திரம் கெட்டியானால் உப்புப் பரல் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். இதை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன்: கடுவன் முக்கியும் மூத்திரம் வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும்.

மருத்துவர் சொன்ன அன்றே மகள் ஆர்டர் போட்டாள். சாமான் வந்ததும் அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எலே மக்கா, கெணறு கெடக்க வீட்டுல பூனைக்குக் கரண்டு தண்ணியாலே?" என்றாள்.

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முதலில் பூனை வாய்க்குள் இருக்கிற பம்பைப் பார்க்க வேண்டும்.

நாம் டம்ளரில் வாய் வைத்தால் உறிஞ்சுகிறோம். கன்னம் இரண்டு பக்கமும் மூடியிருக்கிறது, வாய்க்குள் அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளிவிடுகிறது. மாடும் ஆடும் அப்படித்தான். பூனையால் அது ஆகாது. கடிப்பதற்கென்று அதன் வாய் ஓரம்வரை திறக்கிற மாதிரி அமைந்திருப்பதால் கன்னம் முழுதாக மூடாது. எங்கள் பாஷையில் சொன்னால் சக்‌ஷன் பைப்பில் ஏர் லீக். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. நாய்க்கும் இதே கோளாறு உண்டு, அதனால் அது நாக்கைத் தண்ணீருக்குள் முக்கி எடுக்கிறது, பாதி தரையில் சிதறுகிறது. பண்ணையார் குடித்துவிட்டுப் போன இடத்தில் ஒரு சொட்டு கிடக்காது. தாடை மயிர்கூட நனைந்திருக்காது.

அது எப்படி என்று 2010 வரைக்கும் யாரும் ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கவில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த ரோமன் ஸ்டாக்கர், 'கட்டா கட்டா' என்று பெயர் வைத்த தன் வீட்டுப் பூனை தண்ணீர் குடிப்பதைக் காலைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்து யோசித்திருக்கிறார். பிறகு பெட்ரோ ரெய்ஸ், சங்வான் ஜங், ஜெஃப்ரி அரிஸ்டாஃப் என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 'சயின்ஸ்' இதழில் கட்டுரை போட்டார். அதை மகள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள்.

பூனை நாக்கின் நுனியைக் கீழே நீட்டிப் பின்பக்கமாக மடக்குகிறது. மடங்கிய நுனியின் மேற்பரப்பு தண்ணீரைத் தொட மட்டும் செய்கிறது, உள்ளே போவதில்லை. தொட்ட உடனே நாக்கு மேலே பறக்கிறது. வேகம் வினாடிக்கு 78 சென்டிமீட்டர்வரை போகிறது. ஒட்டிய தண்ணீர் அந்த வேகத்தில் ஒரு தூணாக எழும்புகிறது. கிளம்பிய தண்ணீர் போன திசையிலேயே போகப் பார்க்கும், புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். இரண்டும் சமமாக நிற்கிற அந்தக் கணத்தில், தூண் அறுவதற்கு முன், பூனை வாயை மூடித் தூணின் தலையைக் கடித்து எடுத்துக்கொள்கிறது. சீக்கிரம் மூடினால் சிக்குவது கொஞ்சம். தாமதித்தால் தூண் சரிந்துவிடும். இதை வினாடிக்கு ஏறக்குறைய நாலு தடவை செய்கிறது, தடவைக்குச் சுமார் 0.1 மில்லி.

நம்பாதவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் உள்ளங்கையைப் படுக்கையாகத் தொடவைத்து வெடுக்கென்று தூக்கிப் பாருங்கள். கைக்கடியில் தண்ணீர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, இழையாகி, அறுந்து விழும். அறுவதற்குள் குனிந்து கடிக்க முடிந்தால் நீங்களும் பூனைதான்.

நம் மாவட்டத்தில் புவியீர்ப்பை வைத்தே தண்ணீரை அக்கரை சேர்க்கிற மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கிறது. அங்கே புவியீர்ப்பு கூலி வாங்காத வேலையாள். பூனைக்கு அது எதிராளி, அந்த எதிராளியின் நேரம் பார்த்து வேலையை முடிக்கிறது. நாக்கு பெரிதாகப் பெரிதாகத் தூண் அறுவதற்கு எடுக்கிற நேரமும் கூடும். அதனால் சிங்கமும் புலியும் மெதுவாகத்தான் நக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. அதைச் சரிபார்க்க ஸ்டாக்கரும் கூட்டாளிகளும் மிருகக்காட்சிசாலைக்கும் போனார்கள், யூடியூபில் கிடைத்த வீடியோக்களையும் எண்ணினார்கள். பெரிய பூனைகள் வினாடிக்கு இரண்டுக்கும் குறைவாகத்தான் நக்குகின்றன. ஆபீஸ் நேரத்தில் பூனை வீடியோ பார்ப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரிந்து கிடையாது.

ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பூனை நாக்கு அரம் போலச் சொரசொரப்பாயிற்றே, அந்த முள்ளெல்லாம் தண்ணீர் எடுக்கத்தான் என்று நினைத்திருந்தேன். இல்லை. தண்ணீரைத் தொடுகிற நுனி வழுவழுப்பு. முள் இருப்பது மயிர் கோதுவதற்கு. அந்த முள்ளின் நுனியில் குழிவு இருக்கிறது, அதில் எச்சில் ஏறி மயிரின் வேர்வரை போகிறது என்று 2018இல் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இருவர் காட்டினார்கள். ஒரே நாக்கில் பம்பும் உண்டு, பிரஷும் உண்டு. சர்வீஸுக்கு வராத சாமான்.

சரி, கணக்குக்கு வருவோம். தடவைக்கு 0.1 மில்லி, வினாடிக்கு நாலு. நிமிடத்துக்கு 24 மில்லி. பண்ணையாரின் டிஸ்சார்ஜ் இவ்வளவுதான். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு, சாப்பாட்டில் உள்ளதையும் சேர்த்து, சுமார் 200 மில்லி தண்ணீர் தேவை. உலர் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். 60 கிராம் தின்றால் 6 மில்லி. மீதி 194 மில்லியை வாயால் எடுக்க வேண்டும் என்றால் 1,940 தடவை நாக்கு நீட்ட வேண்டும். அதே பூனைக்கு 150 கிராம் சாளை கொடுத்தால் அதிலேயே நூறு மில்லிக்கு மேல் தண்ணீர் போய்விடுகிறது. மீனில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு தண்ணீர்தான்.

பூனை ஒன்றும் சோம்பேறியாகி 1,940 தடவையைத் தவிர்க்கவில்லை. வீட்டுப் பூனையின் முன்னோர் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். எலியையும் பறவையையும் தின்று, அதில் உள்ள ஈரத்திலேயே பெரும்பாலும் காலம் தள்ளின. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மூத்திரத்தைக் கெட்டியாக்கி அனுப்பும். தாகம் எடுப்பதும் தாமதம். பாலைவன ஜீவனுக்குக் காய்ந்த பொரியைக் கொடுத்துவிட்டு, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டால் அது என்ன செய்யும்?

ஆக அம்மாவுக்கு என் பதில்: மீனோ ஈரத் தீவனமோ தின்கிற பூனைக்கு இந்தச் சாமான் தேவையில்லை. உலர் தீவனமே கதி என்று இருக்கிற பூனைக்கு ஒருவேளை உதவலாம். ஒருவேளை என்பதைக் கவனியுங்கள். டப்பாவில் "ஓடும் நீரைத் தேடுவது பூனையின் இயல்பு" என்று அச்சடித்திருக்கிறது. பாத்திரத்தையும் ஃபவுண்டனையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அவ்வளவு நிச்சயம் தெரியவில்லை. சில பூனைகள் ஃபவுண்டனில் கூடுதலாகக் குடித்தன, சில திரும்பியும் பார்க்கவில்லை, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பண்ணையார் என்ன செய்தார் என்றால், நடுவில் குமிழியிட்டு எழும்புகிற ஊற்றை ரொம்ப நேரம் பார்த்தார், முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டினார், அப்புறம் சுற்றி வந்து விளிம்பில் அசையாமல் நிற்கிற தண்ணீரில் வாய் வைத்தார். இன்றுவரை விளிம்பில்தான் குடிக்கிறார். என் கணிப்பு இது: அவருடைய பம்புக்கு மட்டமான நீர்ப்பரப்பு வேண்டும். தொட்டும் தொடாமலும் நாக்கு வைக்கிறவருக்கு, ஏறி இறங்குகிற குமிழியில் நேரம் பிடிபடாது. ஆனால் அந்தக் குமிழியால் பயனே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பூனைக்கு மிகக் கிட்டத்தில் இருப்பது தெளிவாகத் தெரியாது, முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரம் மங்கல்தான். அசையாத தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க அது படுகிற பாடு உங்களுக்கே தெரிந்திருக்கும். அலை இருந்தால் பளபளப்பு தெரிகிறது. விளம்பரம் நடுவில், வியாபாரம் ஓரத்தில்.

இனி கரண்டு பம்பு.

5 வோல்ட், சுமார் 2 வாட். இருபத்திநாலு மணி நேரமும் ஓடினால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு, அதற்காக யாரும் பயப்பட வேண்டாம். உரசித் தேய்கிற கார்பன் பிரஷ் கிடையாது. காந்தம் வைத்த இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற சின்னச் சக்கரம், தனியாகக் கழன்று வருகிறது. காயிலும் அதன் சின்ன சர்க்யூட்டும் எபாக்சி என்கிற இறுகிய பசைக்குள் முழுதாக மூடிக் கிடக்கின்றன. தண்ணீருக்கும் கம்பிக்கும் தொடர்பே இல்லை, ஷாக் அடிக்க வழியும் இல்லை. இந்த வேலைப்பாட்டை மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் காயில் போனால் பிரித்துக் கட்ட முடியாது, குப்பையில் போட வேண்டியதுதான். என் தொழிலுக்கு விரோதமான சாமான் என்பதையும் பதிவு செய்துவைக்கிறேன்.

"30 டெசிபலுக்கும் கீழ், சத்தமே இல்லை" என்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை, உண்மைதான். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. பூனைக்கு 85 கிலோஹெர்ட்ஸ்வரை கேட்கும் என்று 1985இலேயே அளந்திருக்கிறார்கள். எலிகள் நம் காதுக்கு எட்டாத சுருதியில் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்க அந்தக் காது தேவை. இப்போது இந்தச் சாமானோடு வந்த அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி சார்ஜர்களின் ஸ்விட்சிங் வேகத்தை, அதாவது உள்ளே கரண்டை வெட்டி வெட்டி விடுகிற வேகத்தை, வேண்டுமென்றே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வைப்பார்கள், இல்லாவிட்டால் நம் காதில் கீச்சென்று கேட்கும். மலிவான சார்ஜரில் காயில் இறுக்கமாக இருக்காது, அதிரும். பண்ணையாரின் இடது காது தொட்டிப் பக்கம் திரும்பவில்லை, சுவரில் இருந்த பிளக் பக்கமே திரும்பி நின்றது. கடையில் கிடந்த ஒரு பழைய நல்ல போன் சார்ஜரை மாற்றிப் போட்டேன். காது பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஒரு பூனை, இரண்டு சார்ஜர், அவ்வளவுதான். உங்கள் பூனை தொட்டிக்குக் கிட்டே வர யோசித்தால் இதைச் செய்துபாருங்கள், செலவில்லை.

பெரிய குறை ஒன்று உண்டு, அதை வடிவமைத்தவர் நம் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையிலும் ஐப்பசி மழையிலும் தென்னை ஓலை கம்பியில் விழுந்தால் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பம்பு நின்றதும் மேல்தட்டில் இருக்கிற தண்ணீர் முழுக்க ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு லிட்டர் தண்ணீர் மூடிக்கு அடியில், பூனை மேலே. விளிம்பில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தங்குகிற மாதிரி வார்ப்பதற்கு அச்சில் கொஞ்சம் கூடுதல் பிளாஸ்டிக் போதும். செய்யவில்லை. வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிற வீட்டில் இதை மட்டும் நம்பி இருக்கவே கூடாது. பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். அம்மா முதல் நாளே வைத்துவிட்டாள், யாரையும் கேட்கவில்லை.

நீல விளக்கு வாங்குகிறவருக்காக. நமக்கு வேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குக் கண் தெரியும். கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன். கரி வடிகட்டி குளோரின் வாடையை எடுக்கும், எங்கள் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தைத் தவிர அதற்கு வேலை இல்லை. கடினத் தண்ணீரை மென்மையாக்கும் என்று சொல்லிக் கரியோடு கொஞ்சம் ரெசின் மணி போட்டிருக்கிறார்கள். அந்த அளவு ரெசின் நம் போர்வெல் தண்ணீருக்கு முன்னால் சில நாள்கூடத் தாங்காது. மாதாமாதம் வடிகட்டி மாற்றச் சொல்வது அவர்களின் பிழைப்பு.

அட்டைப்பெட்டிக்குள் பூனை உட்கார்ந்த கதையை நான் எழுதப் போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் கழுவிக் காயவைத்திருந்த தொட்டிக்குள் பண்ணையார் இறங்கியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாலு கிலோ பூனை, உடம்பு ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி, அதாவது கொள்ளளவு நாலு லிட்டர். தொட்டி இரண்டு லிட்டர். பாதிப் பூனை உள்ளே மட்டமாக நிரம்பியது, மீதிப் பாதி விளிம்புக்கு மேலே நின்றது. கீழே சிந்தவில்லை. பிரான்சில் மார்க் அந்துவான் ஃபார்தின் என்ற இயற்பியலாளர் பூனை திடப்பொருளா திரவமா என்று 2014இல் ஒரு கட்டுரையே எழுதி, 2017இல் சிரிப்பு நோபல் எனப்படும் இக் நோபல் பரிசு வாங்கினார். எந்தப் பொருளும் எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் ஓடுமா ஓடாதா என்று சொல்ல முடியும் என்பதுதான் அதில் உள்ள உண்மையான அறிவியல். பாய்ந்து ஓடுகிறபோது திடம், ஒரு மணி நேரம் விட்டால் பாத்திரத்தின் வடிவம். மகள் வகுப்பில் இதைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். ஆசிரியர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. பம்பின் கட்டுமானத்துக்கு ஒன்றரை, தண்ணீரில் எறும்பும் தூசியும் விழாமல் வைத்திருப்பதற்கு ஒன்று, விளிம்புக்கு அரை. பண்ணையார் இப்போது தின்பது வேகவைத்து முள்ளெடுத்த சாளையும், தண்ணீர் விட்டு ஊறவைத்த தீவனமும். மீன் மட்டுமே கொடுத்தால் சத்துக் குறையும் என்று மருத்துவர் சொன்னதால் இந்த ஏற்பாடு. அடைப்பு திரும்ப வரவில்லை. அதற்கான பெருமை சாளைக்கா ஃபவுண்டனுக்கா என்று மகளும் அம்மாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் போட்ட கணக்கு சாளைப் பக்கம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மேல்தட்டு ஸ்டீலில் இருப்பதைப் பாருங்கள், பிளாஸ்டிக்கில் சீக்கிரமே வழவழவென்று பாசி பிடிக்கும். இம்பெல்லர் கையால் கழன்று வரவேண்டும். தண்ணீர் வற்றி ஓடவிடாதீர்கள். அந்தத் தண்டுக்குத் தண்ணீர்தான் எண்ணெய், வறண்டு ஓடினால் தேய்ந்து கடகடக்கும். சத்தம் மாறினால் பம்பு போய்விட்டது என்று புதிதாக ஆர்டர் போடாமல் முதலில் இம்பெல்லரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் தண்டைச் சுற்றிப் பூனை மயிர்தான் இருக்கும், ஒரு பழைய பல் பிரஷ் போதும். கடலோரத்துப் போர்வெல் தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவமும் சேரும். அதற்குப் புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் போதும், காலையில் நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பொருத்துங்கள். புளி வாடை மிச்சமிருந்தால் பண்ணையார் மாதிரி ஆட்கள் நேரே மண்சட்டிக்குப் போய்விடுவார்கள்.